பொலிஸ் உடுப்பைக் கழற்றிவிட்டு அரசியலுக்கு வந்த அண்ணாமலை: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜூன் 4. இந்தியத் தேர்தல் முடிவுகள் வந்துகொண்டிருந்த நாள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் வழக்கமாகப் போகும் சலூனில் எனக்குப் பாதித் தலைதான் வெட்டி முடிந்திருந்தது. கடைக்கார அண்ணை சீப்பைக் காதோரம் வைத்தபடியே, சுவரில் கிடந்த ரி.வி.யைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோயம்புத்தூரில் அண்ணாமலை பின்னுக்கு நிற்கிறார் என்று ஓடியது. "பொலிஸ்காரனையே விழுத்திப் போட்டாங்கள்" என்றார். அவருக்கு மனவருத்தமா, சந்தோசமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் அந்தக் கடையில் சந்தேகம் எல்லாம் என்னிடம்தான் வரும். வகுப்பிலும் இதே கேள்விகள்தான். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். நான் அவருடைய கட்சிக்காரனும் இல்லை, எதிர்க்கட்சிக்காரனும் இல்லை. எனக்கு அங்கே வாக்கும் இல்லை.

அண்ணாமலை யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கு. அண்ணாமலை. தமிழ்நாட்டின் கரூர் மாவட்டத்துக்காரர், 1984 ஜூன் 4 பிறந்தவர். மேலே சொன்ன வாக்கு எண்ணும் நாள்தான் அவருடைய நாற்பதாவது பிறந்தநாள். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல், லக்னோ ஐ.ஐ.எம்.மில் முகாமைத்துவம். 2011ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்த ஐ.பி.எஸ். (இந்தியப் பொலிஸ் சேவை) உத்தியோகத்தர். 2019ல் பதவி விலகி, 2020 ஓகஸ்ட் 25ஆம் திகதி டில்லியில் பாரதிய ஜனதாக் கட்சியில் சேர்ந்தார். 2021 ஜூலை முதல் 2025 ஏப்ரல் வரை அந்தக் கட்சியின் தமிழ்நாட்டுத் தலைவர்.

பொலிஸில் எவ்வளவு பெரிய பதவி? எங்கள் ஓ.ஐ.சி. (நிலையப் பொறுப்பதிகாரி) மாதிரியா?

இல்லை. எங்கள் ஆட்கள் அதிகம் பிழைவிடுவது இந்த இடத்தில்தான்.

எங்கள் நாட்டில் பொலிஸ் என்றால் ஒரே பொலிஸ். காங்கேசன்துறையில் நிற்கிறவரும் காலியில் நிற்கிறவரும் கொழும்பிலுள்ள பொலிஸ்மா அதிபரின் கீழ்தான். இங்கே ஒரு மாவட்டத்தில் பொறுப்பதிகாரிகள், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்கள், அத்தியட்சகர், சிரேஷ்ட அத்தியட்சகர், அதற்கு மேலே பிரதிப் பொலிஸ்மா அதிபர் என்று படிப்படியாக ஆட்கள் நிற்பார்கள். பொலிஸ் அத்தியட்சகர் என்ற பெயரைக் கேட்டால் எங்களுக்கு நடுவில் நிற்கும் ஒரு அதிகாரிதான் நினைவுக்கு வருவார்.

இந்தியாவில் பொலிஸ் மாநில அரசின் விஷயம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் உயர் அதிகாரிகளைத் தெரிவுசெய்வது மத்திய அரசு. அகில இந்தியப் பரீட்சையில் தேறியவர்களை ஹைதராபாத் அகடமியில் பயிற்றுவித்து, ஆளுக்கொரு மாநிலத்துக்குப் பிரித்து அனுப்புவார்கள். இப்படி வருகிறவர் சாதாரண கான்ஸ்டபிளாகவோ உப பரிசோதகராகவோ ஒருநாளும் நிற்பதில்லை. தொடங்குவதே உதவி அத்தியட்சகராக. முப்பது வயதளவில் பொலிஸ் அத்தியட்சகர், அதாவது எஸ்.பி., ஆகிவிடுவார். அங்கே மாவட்டப் பொலிஸ் முழுவதற்கும் தலை அந்த எஸ்.பி.தான்.

அண்ணாமலை 2013ல் கர்நாடகத்தின் கார்க்களாவில் உதவி அத்தியட்சகராகத் தொடங்கினார். பிறகு உடுப்பி மாவட்ட எஸ்.பி., பிறகு சிக்மகளூர் எஸ்.பி., கடைசியாகப் பெங்களூர் தெற்குப் பிரிவுத் துணை ஆணையாளர். 2011 கணக்கெடுப்பில் உடுப்பியின் சனத்தொகை 11 லட்சத்து 77 ஆயிரம். யாழ். மாவட்டத்தில் 2012ல் 5 லட்சத்து 83 ஆயிரம். அதாவது எங்கள் மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கை முப்பது, முப்பத்தொரு வயதுப் பெடியன் ஒருவன் கையில் வைத்திருந்தான். தமிழ்நாட்டு மேடைகளில் அவருடைய பேச்சில் கேட்கும் அந்த உத்தரவுத் தொனி எங்கிருந்து வந்தது என்று இதை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

கர்நாடகத்தில் வேலை செய்தவருக்குத் தமிழ்நாட்டில் எப்படிப் பெயர் வந்தது?

நல்ல கேள்வி. இதை என்னிடம் கேட்டது ஒரு மாணவி. அண்ணாமலை தமிழ்நாட்டில் ஒரு நாள்கூடப் பொலிஸ் உடுப்போடு வேலை செய்தவர் இல்லை. கோயம்புத்தூரிலோ கரூரிலோ அவரிடம் முறைப்பாடு கொடுத்த ஆளும் இல்லை, அவரிடம் தண்டப்பணம் கட்டிய ஆளும் இல்லை.

கன்னடப் பத்திரிகைகளும் ரி.வி.யும் அவருக்குச் 'சிங்கம்' என்று பட்டம் கட்டின. சிக்மகளூரிலிருந்து இடமாற்றமானபோது ஊர்ச்சனம் வழியனுப்பியது, கல்லூரிப் பெடியள் மத்தியில் அவர் பேசியது எல்லாம் வீடியோவாக எல்லை தாண்டி வந்தன. தமிழ்நாட்டுச் சனம் அவரைத் தெரிந்துகொண்டது எங்களைப் போலத்தான், கைபேசியில். பொலிஸ்காரரின் கெடுபிடி எல்லாம் கர்நாடகச் சனத்துக்கு, கதை மட்டும் தமிழ்நாட்டுச் சனத்துக்கு. அரசியலுக்கு வருகிற ஒருவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

ஏன் விலகினார்? யாராவது விலக்கினார்களா?

விலக்கவில்லை, தானாகத்தான் விலகினார். 2019 மே 28ஆம் திகதி விலகல் கடிதம் கொடுத்தார். இந்திய மக்களவைத் தேர்தல் முடிவு வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. கைலாஷ் மானசரோவர் யாத்திரை வாழ்க்கையில் எது முக்கியம் என்று யோசிக்க வைத்தது என்றும், தான் மதித்த மூத்த அதிகாரி மதுகர் ஷெட்டி 2018 டிசம்பரில் இறந்தது தன்னை உலுக்கியது என்றும் அவர் காரணம் சொன்னார். குடும்பத்தோடு இருக்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார். ஊருக்குப் போய்க் கொஞ்சக் காலம் இயற்கை விவசாயமும் செய்தார்.

உள்மனதில் என்ன இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. கடிதம் கொடுத்ததிலிருந்து கட்சியில் சேர்ந்தது வரை பதினைந்து மாதம் என்பது மட்டும் கணக்கு.

பொலிஸில் இருந்துகொண்டே கட்சியில் சேரலாமா? விலகி எத்தனை நாளில் தேர்தலில் நிற்கலாம்?

இருந்துகொண்டே சேர முடியாது. 1968ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணி நடத்தை விதிகள் கட்சி உறுப்புரிமையையும் தேர்தல் வேலையையும் தடைசெய்கின்றன. அதோடு அரசாங்கச் சம்பளப் பதவியில் இருக்கிறவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ வரத் தகுதியில்லை என்று அரசியலமைப்பே சொல்கிறது. வேட்புமனுவுக்கு முன்பு விலகல் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். ஊழலுக்காகவோ அரச விசுவாசமின்மைக்காகவோ பதவி நீக்கப்பட்டவர் என்றால் ஐந்து வருடம் நிற்க முடியாது.

சரி, ஒழுங்காக விலகியவர் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? ஒரு நாள்கூடத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், இதே அதிகாரி ஓய்வுபெற்றுத் தனியார் கம்பனியில் வேலைக்குப் போவதென்றால் முதல் ஒரு வருடத்துக்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். கம்பனிக்கு அனுமதி வேண்டும், கட்சிக்கு வேண்டாம். இடைவெளி வைக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2012ல் யோசனை சொன்னது, அரசாங்கம் ஏற்கவில்லை. 2022ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அது சட்டம் இயற்றுகிறவர்களின் வேலை என்று நீதிமன்றமும் கையைக் கழுவிவிட்டது.

உத்தரப் பிரதேசத்தில் அசீம் அருண் என்ற கான்பூர் பொலிஸ் ஆணையாளர் 2022 ஜனவரியில் விருப்ப ஓய்வு கேட்டார். அதே மாதத்தில் பா.ஜ.க.வில் சேர்ந்தார். கன்னோஜ் தொகுதியில் வென்று அமைச்சரும் ஆனார். அதோடு ஒப்பிட்டால் அண்ணாமலையின் பதினைந்து மாதம் நீண்ட விரதம்தான். ஆனாலும் ஒரு இடைவெளி சட்டமாகவே இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நேற்றுவரை ஊர்வலத்துக்கு அனுமதி கொடுத்தவர், இன்றைக்கு அந்த ஊர்வலத்தின் முன்வரிசையில் நின்றால், நேற்றுக் கொடுத்த அனுமதியையும் சனம் சந்தேகமாகத்தான் பார்க்கும்.

கட்சிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாமல் தலைவர் பதவி எப்படிக் கிடைத்தது?

2021 ஜூலையில் அப்போதைய மாநிலத் தலைவர் எல். முருகன் டில்லியில் இணை அமைச்சரானார். இடம் காலியானது. பா.ஜ.க.வில் மாநிலத் தலைவரை முடிவு செய்வது டில்லித் தலைமை. தமிழ்நாட்டில் அந்தக் கட்சிக்குத் தேவைப்பட்டது ஒரு முகம். தி.மு.க.விலோ அ.தி.மு.க.விலோ என்றால் போஸ்டர் ஒட்டுவதில் தொடங்கி வட்டம், ஒன்றியம், மாவட்டம் என்று இருபது, முப்பது வருடம் தேய வேண்டும். சிறிய கட்சியில் படிகள் குறைவு, அதனால் ஏற்றமும் வேகம். அந்தப் படிகளில் ஏறுகிறபோது கிடைக்கும் பழக்கவழக்கமும் ஆள்பலமும் கிடைக்காமல் போனது அதன் மறுபக்கம்.

எத்தனை தேர்தலில் வென்றார்?

தலைவராக இருந்த காலம் முடியும்வரை நேரடியாக நின்றது இரண்டு தேர்தல், இரண்டிலும் தோல்வி.

2021 சட்டமன்றத் தேர்தலில் சொந்த மாவட்டத்திலுள்ள அரவக்குறிச்சி. தி.மு.க.வின் ஆர். இளங்கோவிடம் 24,816 வாக்குகளால் தோற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் கோயம்புத்தூர். அங்கே தி.மு.க.வின் கணபதி ராஜ்குமாருக்கு 5 லட்சத்து 68 ஆயிரம், அண்ணாமலைக்கு 4 லட்சத்து 50 ஆயிரம், அ.தி.மு.க.வின் சிங்கை ராமச்சந்திரனுக்கு 2 லட்சத்து 36 ஆயிரம். வித்தியாசம் 1,18,068.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக நின்றிருந்தால் என்னாகியிருக்கும் என்று கணக்குப் பார்க்க பெரிய படிப்புத் தேவையில்லை. எங்கள் சலூன்காரர் ஒரு கையில் சவரக்கத்தியோடு மறுகை விரலால் கூட்டிப் பார்த்தார்.

அப்படியென்றால் அவர் தோல்வியாளரா?

அப்படியும் ஒரேயடியாகச் சொல்ல முடியாது. 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் பா.ஜ.க.வுக்கு 3.66 வீதம், 2024ல் 11.24 வீதம். அவருடைய ஆதரவாளர்கள் இந்த இரண்டு எண்ணையும் தாயத்துப் போலக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் 2019ல் அந்தக் கட்சி நின்றது 5 தொகுதியில் மட்டும், 2024ல் தாமரைச் சின்னம் இருபதுக்கு மேற்பட்ட தொகுதிகளில் இருந்தது. கடை கூடினால் வியாபாரமும் கூடும். அதைக் கழித்துப் பார்த்தாலும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது என்பது உண்மை. ஆசனம் ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. 39ஐயும் தி.மு.க. கூட்டணியே அள்ளியது.

பொலிஸ் பழக்கம் அரசியலில் உதவுமா, உபத்திரவமா?

என் மனதில் நெடுநாள் கிடக்கும் விஷயம் இது. கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

உதவியது எங்கே என்றால், கோப்பு. பொலிஸ்காரருக்குக் கோப்புக் கட்டத் தெரியும். 2023 ஏப்ரல் 14ஆம் திகதி தி.மு.க. தலைவர்களின் சொத்து என்று ஒரு பட்டியலை வெளியிட்டார். தகவல் அறியும் சட்டத்தில் கேட்டு ஆவணம் எடுப்பது, திகதி, தொகை என்று மேடையில் அடுக்குவது எல்லாம் குற்றப்பத்திரிகை எழுதும் கை. 2023 ஜூலை 28ஆம் திகதி இராமேஸ்வரத்தில் தொடங்கி 2024 பெப்ரவரியில் பல்லடத்தில் முடித்த நடைபயணத்துக்கும் பயிற்சி எடுத்த உடம்பு உதவியிருக்கும்.

உபத்திரவம் எங்கே என்றால், கூட்டாளி. மாவட்ட எஸ்.பி.க்கு மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் உண்டு. பக்கத்தில் சமமாக யாரும் இல்லை. கூட்டணி அரசியலில் எல்லாரும் பக்கத்தில்தான். ஜெயலலிதாவைப் பற்றியும் அண்ணாதுரையைப் பற்றியும் அண்ணாமலை பேசிய பேச்சுகள் அ.தி.மு.க.காரர்களைச் சுட்டன. 2023 செப்டெம்பர் 25ஆம் திகதி அவர்கள் கூட்டணியை விட்டு வெளியேறினார்கள். தான் பேசியது சரி என்று அவர் நின்றார். விசாரணை அறையில் சரி பிழைதான் கணக்கு. தேர்தலில் தலைக்கணக்கு.

இதை நாங்கள் அந்நியமாகப் பார்க்கத் தேவையில்லை. எங்கள் வடக்கு மாகாண முதலமைச்சராக இருந்த விக்னேஸ்வரனை நினைத்துப் பாருங்கள். உச்ச நீதிமன்ற நீதியரசராக இருந்து ஓய்வுபெற்றவர். 2013 செப்டெம்பர் 21 நடந்த வடக்கு மாகாண சபைத் தேர்தலில் 1,32,255 விருப்பு வாக்கு. 2017ல் தன் அமைச்சர்கள் மீது வந்த குற்றச்சாட்டுகளை விசாரிக்கக் குழு வைத்தார். அறிக்கை வந்ததும் இரண்டு அமைச்சர்களைப் பதவி விலகச் சொன்னார், மற்ற இருவரை விடுப்பில் போகச் சொன்னார். நீதிமன்றத்தில் அது அழகான தீர்ப்பு. சபையிலோ அவருடைய தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உறுப்பினர்களே ஆளுநரிடம் நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுபோனார்கள். பிறகு அது சமாதானமாகி மீளப் பெறப்பட்டாலும் பிளவு ஆறவில்லை. யார் சரி, யார் பிழை என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் சண்டை வரும். பழைய உத்தியோகம் ஆளோடு கூடவே வருகிறது என்று மட்டும் எனக்குத் தெரிகிறது. உடுப்பைக் கழற்றலாம், கவுணைக் கழற்றலாம், கதிரையில் இருக்கும் விதத்தைக் கழற்றுவது கஷ்டம்.

சாட்டையால் தன்னையே அடித்தாரே, அது ஏன்?

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளானார். அதில் அரசாங்கத்தின் மீது கோபம் காட்ட, கோயம்புத்தூரில் தன் வீட்டு முன்னால் தன்னைத் தானே சாட்டையால் அடித்துக்கொண்டார். தி.மு.க. ஆட்சி போகும்வரை செருப்புப் போட மாட்டேன் என்றும் சபதம். ஆட்சி போகும் முன்பே, 2025 ஏப்ரலில் புதிய தலைவர் கேட்டுக்கொண்டதால் போட்டுக்கொண்டார். என் வகுப்புப் பெடியள் சிரித்தார்கள். காவடியும் தூக்குக்காவடியும் எடுக்கிற ஊரில் இருந்துகொண்டு உடம்பை வருத்துவதைப் பார்த்து எப்படிச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். "சேர், அது நேர்த்தி, இது கமரா" என்றான் ஒருவன்.

ஏன் தலைவர் பதவி போனது?

2025 ஏப்ரல் 11ஆம் திகதி சென்னையில் அமித் ஷா, அ.தி.மு.க.வோடு மீண்டும் கூட்டணி என்று அறிவித்தார். அதே நாளில் மாநிலத் தலைவர் பதவிக்கு நயினார் நாகேந்திரன் ஒருவர்தான் மனுக் கொடுத்தார். நயினார் முன்பு அ.தி.மு.க.வில் அமைச்சராக இருந்தவர். இரண்டு செய்தியையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படித்தால் பதில் கிடைக்கும்.

இவரைப் போல வேறு யார் இருக்கிறார்கள்?

நிறையப் பேர். கிரண் பேடியை எல்லாருக்கும் தெரியும், இந்தியாவின் முதல் பெண் ஐ.பி.எஸ். 2015ல் டில்லியில் பா.ஜ.க.வின் முதலமைச்சர் வேட்பாளராக நின்று 2,277 வாக்கால் தோற்றார், பிறகு புதுச்சேரியில் துணைநிலை ஆளுநர். மும்பைப் பொலிஸ் ஆணையாளர் சத்யபால் சிங் 2014ல் விலகிப் பாக்பத்தில் வென்றார். பிஹார் பொலிஸ் தலைவர் குப்தேஷ்வர் பாண்டே 2020ல் விருப்ப ஓய்வு எடுத்து ஐக்கிய ஜனதா தளத்தில் சேர்ந்தார், நிற்கத் தொகுதியே கிடைக்கவில்லை. பாவம். தமிழ்நாட்டில் முன்னாள் பொலிஸ் உயர் அதிகாரி (டி.ஜி.பி.) ஆர். நடராஜ் 2016ல் மயிலாப்பூரில் அ.தி.மு.க. சார்பில் வென்றார்.

எனக்கு இவர்களைவிடச் சுவாரசியமானவர் பொலிஸ்காரரே இல்லை. சசிகாந்த் செந்தில், ஐ.ஏ.எஸ். (இந்திய நிர்வாக சேவை). அவரும் தமிழர், அவரும் கர்நாடகத்தில்தான் வேலை செய்தார், அவரும் 2019ல்தான் விலகினார். போனது காங்கிரஸுக்கு. சாட்டையும் இல்லை, சிங்கமும் இல்லை. 2024ல் திருவள்ளூரில் 5 லட்சத்து 72 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவர் பின்னால் தி.மு.க. கூட்டணி முழுதாக நின்றது. எங்கள் சலூன் ரி.வி.யில் அவருடைய முகம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இலங்கையில் பொலிஸ் உத்தியோகத்தர் தேர்தலில் நிற்கலாமா?

சேவையில் இருக்கும்போது முடியாது. அரசியலமைப்பின் 91ஆவது உறுப்புரை பொலிஸ் உத்தியோகத்தரையும் முப்படைகளின் நிரந்தரப் படையினரையும் பாராளுமன்றத்துக்குத் தகுதியில்லாதவர் என்கிறது. விலகினாலோ ஓய்வுபெற்றாலோ தடையில்லை.

இங்கே அதிகம் வந்தது இராணுவத்திலிருந்து. சரத் பொன்சேகா யுத்தம் முடிந்த கையோடு 2010 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். நாட்டளவில் தோற்ற அவருக்கு யாழ். உட்பட வடக்கு, கிழக்கு மாவட்டங்களிலும் நுவரெலியாவிலும் ராஜபக்ஷவைவிடக் கூடுதல் வாக்கு. யுத்தத்தை நடத்திய தளபதிக்கு யாழ்ப்பாணம் வாக்குப் போட்டது என்று இன்றைய மாணவர்களுக்குச் சொன்னால் நம்புகிறார்கள் இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஏன் ஒரு பொலிஸ் அதிகாரியும் அரசியலில் பெயரெடுக்கவில்லை?

உத்தியோகத்தை விட்டு அரசியலுக்கு வருவது எங்களுக்குப் புதிதில்லை. சி. சிற்றம்பலம் சிவில் சேவையை விட்டு வந்து 1947ல் மன்னாரில் வென்று அமைச்சரானார். 2024ல் சாவகச்சேரி வைத்தியசாலையின் பதில் அத்தியட்சகராக இருந்து முகநூல் நேரலையில் பிரபலமான வைத்தியர் அர்ச்சுனா, அதே வருடம் நவம்பரில் சுயேச்சைக் குழு 17ல் நின்று பாராளுமன்றம் போனார். கைபேசியில் கிடைத்த பெயர் வாக்காக மாறும் என்பதற்கு எங்களிடமே உதாரணம் இருக்கிறது.

பொலிஸ் மட்டும் வேறு கதை. 1974 ஜனவரி 10ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நடந்த தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் கூட்டத்துக்குள் புகுந்தது பொலிஸ். 1981ல் யாழ். நூலகம் எரிந்தபோது ஊருக்குள் நின்றதும் தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட பொலிஸ். காக்கி உடுப்பு நாயகனின் உடுப்பாவது சினிமாவில் மட்டும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் மாகாணத்துக்கென்று ஒரு பொலிஸ் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது, பிரதிப் பொலிஸ்மா அதிபர் ஒருவரின் தலைமையில். 1987ல் எழுதியது இன்னும் எழுத்தில்தான். மாகாணப் பொலிஸ் வந்து, எங்கள் மொழியில் முறைப்பாடு எழுதி, ஒரு நல்ல அதிகாரி பேர் எடுத்திருந்தால், அவரைத் தேர்தலில் இழுத்துவிட ஆளா இல்லை இங்கே? மாகாண சபையே 2018 ஒக்டோபரோடு முடிந்து கிடக்கிறது.

அண்ணாமலை யாழ்ப்பாணம் வந்திருக்கிறாரா?

வந்திருக்கிறார். 2022 மே தினத்துக்கு மலையகம் வந்தவர் அப்படியே யாழ்ப்பாணமும் வந்தார். நாடு எரிபொருள் வரிசையில் நின்ற காலம். 2023 பெப்ரவரியில் இந்தியா கட்டித்தந்த கலாசார மண்டபத்தைக் கையளித்தபோது எல். முருகனோடு வந்தார். நூலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த உயரக் கட்டிடம்தான்.

கச்சதீவு விஷயத்தைக் கிளப்பியது இவர்தானே?

2024ல் கிளப்பியது இவர்தான். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அவர் வாங்கிய ஆவணங்கள் மார்ச் 31 பத்திரிகையில் வந்தன. தமிழ்நாட்டில் வாக்களிப்பு ஏப்ரல் 19. பிரதமர் மோடியே அதை எடுத்துப் பேசினார். 1974ல் தீவைக் கொடுத்தது காங்கிரஸ், தி.மு.க.வுக்கும் அது தெரியும் என்பதுதான் குற்றச்சாட்டு. ஐம்பது வருடத்துக்கு முன் முடிந்த விஷயம் என்று அப்போதைய எங்கள் வெளிவிவகார அமைச்சர் அலி சப்ரி சொல்லிவிட்டார்.

கச்சதீவு 285 ஏக்கர். குடிக்கத் தண்ணீர் இல்லை, அந்தோனியார் கோவில் ஒன்று உண்டு. நிர்வாகம் நெடுந்தீவுப் பிரதேச செயலகம். திருவிழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் படகு வரும். 1974 ஒப்பந்தம் இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் அங்கே முன்பு போல வந்துபோக இடம் கொடுத்தது. 1976ல் இரண்டு நாடும் பரிமாறிக்கொண்ட கடிதங்களோடு மீன்பிடி நின்றது.

எங்கள் மீனவர்களின் பிரச்சினை அந்த 285 ஏக்கரில் இல்லை, இழுவைப் படகில் இருக்கிறது. அடிக்கடலை வழித்துக்கொண்டு போகும் றோலர். இலங்கை 2017ல் சட்டம் போட்டு அந்த முறையைத் தடைசெய்தது. இந்தியப் படகுகள் இன்னும் வருகின்றன, வலைகள் இன்னும் அறுகின்றன. கச்சதீவு யாருடையது என்று தமிழ்நாட்டில் இரண்டு கட்சியும் சண்டை பிடித்த அந்த மூன்று வாரத்தில், இந்தப் படகுகளைப் பற்றி இரண்டு பக்கமும் பேசக் கேட்டதில்லை நான்.

இதைச் சலூனில் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கதிரையில், மீன்பிடி ஊரான குருநகர்க்காரர் ஒருவர் இருந்தார். முகம் முழுக்கச் சவர்க்கார நுரை.

"தம்பி, அவர் பொலிஸில இருக்கேக்க கடல் பக்கம் வேலை செய்தவரோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. உடுப்பி கடற்கரை மாவட்டம். மல்பே எண்டு பெரிய மீன்பிடித் துறைமுகம் இருக்கு."

"அங்க றோலர் நிக்குமோ?"

"வரிசையா நிக்கும்."

"அப்ப அது வலையை என்ன செய்யும் எண்டு அவருக்குத் தெரியும்தானே" என்று சொல்லிவிட்டு, கத்தி கழுத்துக்கு வந்ததால் பேச்சை நிறுத்திக்கொண்டார்.